கேள்விகளைக் குறைத்த பிறகு வந்த சொற்கள்

என் மகனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவனிடம் ஆறு சொற்கள் இருந்தன. அவற்றுள் இரண்டை நானும் அவன் பாட்டியும் மட்டுமே சொல் என்று ஒப்புக்கொள்வோம். வெளியாள் எவருக்கும் அவை வெறும் ஓசையாகத்தான் கேட்டிருக்கும். அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் ஏறக்குறைய 50 சொற்களைப் பேசுவார்கள் என்பதும், ‘அம்மா வா’, ‘பந்து தா’ என்று இரண்டிரண்டாகச் சேர்க்கத் தொடங்கியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. நான் பள்ளி ஆசிரியை. குழந்தை வளர்ச்சி பற்றித் தேர்வே எழுதியிருக்கிறேன். தெரிந்திருந்தும் அதற்கு மேலும் ஐந்து மாதங்களை வீணாக்கினேன்.

வீணாக்குவதற்கு எல்லோரும் உதவினார்கள் என்றும் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்றார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறதா பார் என்றார்கள். அவன் அப்பாவே மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்று என் மாமியார் சொன்னபோது எங்கள் எல்லோருக்குமே நிம்மதியாக இருந்தது. பின்னாளில் நாங்கள் சென்ற பேச்சுப் பயிற்சித் தெரபிஸ்ட் விளக்கியபோதுதான் அந்த நிம்மதி எவ்வளவு தலைகீழானது என்று புரிந்தது. குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால், அது குழந்தைக்கும் தாமதம் நேரக்கூடிய வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று. மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டிய செய்தியை நாங்கள் ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்தோம். ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பின்தங்குவது உண்மைதான் என்றாலும், அந்த இடைவெளி சில வாரங்களோ ஓரிரு மாதங்களோதான்; இரண்டு வயதில் ஆறு சொற்களை அது விளக்காது. நாக்கடி ஒட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், ஆனால் சொற்களே வராமல் போவதற்கு அது காரணம் ஆவதில்லை.

தாமதமாகப் பேசும் குழந்தைகளில் கணிசமானோர் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு வயதில் நம் எதிரே நிற்கும் குழந்தை அந்தக் கூட்டத்தில் சேருமா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்வதை நன்றாகப் புரிந்துகொண்டு, விரல் நீட்டிக் காட்டி, பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யும் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம். சைகையும் குறைவு, புரிதலும் குறைவு என்றால் காத்திருப்பதில் பொருளில்லை. 12 மாதத்தில் மழலை ஓசைகளோ சுட்டிக்காட்டுதலோ இல்லாமை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாமை, 24 மாதத்தில் தானாக இரு சொல் சேர்க்காமை ஆகியவை எல்லாம் பரிசோதனைக்குச் செல்லப் போதுமான காரணங்கள். வந்த சொற்களைக் குழந்தை இழந்தால், அது எந்த வயதாக இருந்தாலும், மறுநாளைக்குக்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

முதல் சந்திப்பில் தெரபிஸ்ட் எங்கள் வீட்டு வழக்கங்களைப் பற்றி நீண்ட நேரம் விசாரித்துவிட்டு, என் மகனோடு தரையில் உட்கார்ந்து சோப்பு நுரைக் குமிழிகளை ஊதினார். பிறகு, முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்றார். எனக்குச் சற்றுக் கோபமே வந்தது. அடுத்த அறையில் தொலைக்காட்சி விளம்பரத்தின் இசை கேட்டால் ஓடி வருகிறவனுக்கா காது கேட்கவில்லை என்று கேட்டேன். கேட்கிறதா என்பது ஒரு கேள்வி, எது எது கேட்கிறது என்பது இன்னொரு கேள்வி என்று அவர் அமைதியாகச் சொன்னார்.

காதுக்குள் சிறு முனையை வைத்து, அழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி என்ற சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்தது, வலியில்லை. இரு காதுகளிலும் செவிப்பறை கிட்டத்தட்ட அசையவே இல்லை. சளி பிடித்துத் தேறிய பிறகும் நடுக்காதில் நீர் தங்கிவிட்டிருந்தது. இந்த வயதுக் குழந்தைகளுக்கு இது மிகச் சாதாரணம், பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வடிந்துவிடும், அதுவரை பார்க்கலாம் என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். அப்படியே வடிந்தும்விட்டது. நீர் இருக்கும்வரை குழந்தைக்கு உலகம் காதில் விரலை வைத்துக்கொண்டு கேட்பதுபோல் இருக்கும். இசையும் உரத்த உயிரொலிகளும் கேட்கும், மென்மையான மெய்யொலிகளும் சொல்லின் இறுதியில் குரல் தாழும் பகுதிகளும் நழுவும். தமிழில் வேற்றுமையும் காலமும் ஆண்பால் பெண்பாலும் சொல்லின் இறுதியில்தானே ஒட்டிக்கொண்டிருக்கின்றன! இருந்தாலும் இந்த நீர் மட்டுமே தாமதத்துக்குக் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம் என்று தெரபிஸ்ட் எச்சரித்தார். வளர்ச்சி மதிப்பீட்டுக்கும் எங்களை அனுப்பினார். அதன் முடிவுக்காகக் காத்திராமல் பயிற்சியையும் தொடங்கினார்.

பயிற்சி என்றால் அவர் என் மகனுக்குச் சொற்களைக் கற்றுத் தருவார் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் வாரம் அவர் என்னையும் அவனையும் விளையாடச் சொல்லி, ஐந்து நிமிடம் கைபேசியில் படம் பிடித்தார். பிறகு என் பக்கத்தில் அமர்ந்து, ஒரு தாளில் கோடுகள் போட்டபடி அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் நான் 34 கேள்விகள் கேட்டிருந்தேன். ‘இது என்ன?’, ‘இது என்ன நிறம்?’, ‘நாய் எப்படிக் கத்தும்?’, ‘சொல்லு, சொல்லு பார்க்கலாம்’. அதே ஐந்து நிமிடத்தில் அவன் 14 முறை என்னிடம் எதையோ தெரிவிக்க முயன்றிருந்தான்: ஒரு பார்வை, நீட்டிய கை, தள்ளிவிட்ட பொம்மை, ஒரு ‘உம்’. அவற்றுள் நான் பதில் கொடுத்தவை மூன்று. எஞ்சிய 11 முறையும் அடுத்த கேள்வியைத் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பறையில் நாற்பது பேரிடம் செய்வதை நான் வீட்டில் ஒருவனிடம் செய்துகொண்டிருந்தேன். விடை எனக்கே தெரிந்த கேள்வியைக் கேட்பது உரையாடல் ஆகாது, அது தேர்வு. பேச்சு வராத குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் தோற்கும் தேர்வு. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

கேள்விகளை ஒரே நாளில் விட முடியவில்லை. அதற்கடுத்த வாரம் தெரபிஸ்ட் கொடுத்த ஒரே வீட்டுப்பாடம், எதையாவது சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பதுதான். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் நான்காவது எண்ணிலேயே நாக்கு துறுதுறுப்பது தெரியும். குழந்தை கேட்டதை உள்வாங்கி, சொல்லைத் தேடி, வாயை அதற்கு ஆயத்தப்படுத்தப் பெரியவர்களைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. நாம் இரண்டு நொடியில் அதே கேள்வியை மீண்டும் கேட்டால், அது தன் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காத்திருக்கும்போது குனிந்து அவன் கண்மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, அடுத்தது உன் முறை என்பதை முகத்திலேயே காட்ட வேண்டும். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, படியிலிருந்து பந்தை உருட்டப் போவதுபோல் பிடித்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, எட்டாவது எண்ணில் அவன் ‘போ’ என்றான். பந்து போயிற்று. அன்று மாலை அந்தப் பந்து ஐம்பது முறையாவது போயிருக்கும்.

அந்த ‘போ’வில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. அதுவரை நான் அவனுக்குப் புகட்ட முயன்றவை எல்லாம் பெயர்ச்சொற்கள்: விலங்குகள், நிறங்கள், உடல் உறுப்புகள். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் வாக்கியம் கட்ட முடியாது. கேட்கவும் மறுக்கவும் அழைக்கவும் வினைகள் வேண்டும். இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. வா, போ, தா என்று ஒரே அசையில், மெய்யில் முடியாத, எளிய வாயசைவில் சொல்லக்கூடிய ஏவல்கள் இருக்கின்றன. அவற்றோடு ‘இன்னும்’, ‘வேண்டாம்’, ‘திற’ ஆகியவற்றையும் சேர்த்து ஆறு சொற்களைக் குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் விளையாடும்போதும் நாங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கற்றுக் கொடுக்க நான் தயங்கினேன், பிடிவாதம் வளரும் என்று. நடந்தது வேறு. ‘ஏணா’ என்று சொல்லத் தெரிந்த பிறகு அவன் பொருள்களை வீசி எறிவது பாதியாகக் குறைந்தது.

என் மாமியாருக்குத்தான் இது கடினமாக இருந்தது. அவன் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அவனுக்கு என்ன வேண்டும் என்று அவர் அறிந்துகொள்வார். அது அன்பின் உச்சம், பேச்சுக்கான தேவையோ அங்கே இல்லை. அவரிடம் இதை நான் சொல்லியிருந்தால் குறையாகப் பட்டிருக்கும் என்பதால், ஒரு வகுப்புக்கு அவரையும் அழைத்துச் சென்றேன். “அத்தை, நீங்களும் வந்து பாருங்கள், உங்களிடம்தான் அவன் அதிகம் இருக்கிறான்” என்றேன். திரும்பி வரும் வழியிலேயே, பிடித்த பொம்மைகளை இறுக்கமான மூடி போட்ட ஒளி ஊடுருவும் டப்பாவில் வைப்பது என்ற யோசனையை அவரே சொன்னார். பொம்மை கண்ணுக்குத் தெரியும், தானே திறக்க முடியாது, யாரிடமாவது கொண்டு வந்துதான் ஆக வேண்டும். ‘திற’ என்ற சொல் அந்த டப்பாவிலிருந்துதான் பிறந்தது. முதலில் ‘தெ’ என்று.

இதே வழியில் நான் செய்த பெரிய தவறையும் எழுத வேண்டும். ஒருநாள் அவன் தண்ணீர்க் குவளையைக் காட்டிக் கை நீட்டினான். சொல்லத் தெரிந்தவன்தானே என்று, ‘தா சொல்லு, அப்போதுதான் தருவேன்’ என்று குவளையை உயர்த்திப் பிடித்தேன். அவன் கை நீட்டினான், முனகினான், பிறகு அழுதான், பிறகு தரையில் விழுந்து புரண்டான். நான் தோற்றுவிடக் கூடாது என்று நின்றேன். அடுத்த மூன்று நாள் அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே ஏறி எடுக்க முயன்றான். தெரபிஸ்ட் இதைக் கேட்டுவிட்டு, கை நீட்டியபோதே அவன் உங்களிடம் பேசிவிட்டான், நீங்கள்தான் கேட்கவில்லை என்றார். வாய்ப்பை உருவாக்குவது வேறு, பொருளைப் பிணையாக வைத்துச் சொல்லைப் பறிப்பது வேறு. அவர் சொன்ன முறை இது: ஐந்து முதல் பத்து நொடி காத்திருக்கலாம்; சொல் வராவிட்டால் ‘தண்ணீர் தா’ என்று அவன் சார்பில் நாமே சொல்லிவிட்டுப் புன்னகையோடு கொடுத்துவிட வேண்டும். பசி, தாகம், தூக்கம், வலி ஆகியவற்றில் அந்தப் பத்து நொடியும் கூடாது.

மூன்றாம் மாதம் கைச்சைகைகளையும் படங்களையும் பயன்படுத்தலாம் என்றார். என் கணவர் முதன்முறையாக எதிர்த்தார். கையால் காட்டியே வேலை நடந்துவிட்டால் வாயை எதற்குத் திறப்பான் என்பது அவருடைய வாதம், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெரபிஸ்ட் இதைப் பலமுறை கேட்டிருப்பார்போலும். சைகையோ படமோ பேச்சைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, பல குழந்தைகளுக்கு அது பேச்சைக் கூட்டியிருக்கிறது. தவழும் குழந்தை நடக்க மறுப்பதில்லையே என்றார். படங்களைக் கொடுத்து வாங்கிப் பேசும் முறையை 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். அதையொட்டிய எளிய வடிவத்தைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். ‘இன்னும்’ என்பதற்கு இரு கை விரல்களையும் குவித்துத் தொட்டுக் காட்டுவான். ஒரு மாதத்துக்குள் அந்தச் சைகையோடு ‘இன்னு’ என்ற ஓசையும் சேர்ந்துகொண்டது; ஓசை தெளிவானதும் சைகையை அவனே கைவிட்டான். என் கணவர் இதைப் பற்றிப் பிறகு எதுவும் பேசவில்லை.

இரண்டரை வயதுக்குப் பிறகு சொற்கள் வேகமாக வந்தன, ஒரு புதிய குழப்பத்தோடு. தண்ணீர் வேண்டுமென்றால் ‘தண்ணி வேணுமா’ என்பான். தூக்கச் சொல்வதற்கு ‘தூக்கட்டுமா’ என்பான். நாங்கள் அவனிடம் கேட்டதை அப்படியே, கேள்வி விகுதியோடு, திருப்பிச் சொல்கிறான். கிளிப்பிள்ளைபோல் பேசுகிறானே என்று பயந்தேன். இப்படித் திருப்பிச் சொல்வது பேச்சுக் கற்கும் பல குழந்தைகள் கடந்து வரும் படி. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இது கூடுதலாகவும் நீண்ட காலமும் இருக்கும். எவராக இருந்தாலும் அதற்குள் ஒரு நோக்கம் இருக்கும், அதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார் தெரபிஸ்ட். ஆகவே நாங்கள் கேட்பதை விட்டுவிட்டு, அவன் இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினோம். அவன் குவளையைப் பார்த்தால் ‘தண்ணி வேணும்’, கையைத் தூக்கினால் ‘அம்மா, தூக்கு’. இரண்டு மாதத்தில் அந்த ‘ஆ’ உதிர்ந்தது. நாம் கேட்கும் கேள்வியின் வடிவமே குழந்தையின் வாயில் விடையாக உட்கார்ந்துவிடும் என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்தக் காலத்தில் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். நாள், அவன் எழுப்பிய ஓசை, அதன் பொருள், எந்தச் சூழலில் என்று நான்கு பத்திகள். எது சொல் என்பதற்குத் தெரபிஸ்ட் சொன்ன அளவுகோல் எளிமையானது: பிறர் சொல்லித் தராமல் தானாகச் சொல்ல வேண்டும், ஒரே பொருளுக்கு ஒரே ஓசையைச் சொல்ல வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட சூழலில் சொல்ல வேண்டும். அப்படியென்றால் நாயைக் கண்டதும் சொல்லும் ‘லொள்’ சொல்தான், ‘ஏணா’வும் சொல்தான். ஆனால் காணொளியில் கேட்டு ஒன்று முதல் இருபது வரை அவன் ஒப்பித்தது, நாங்கள் உறவினர்களிடம் பெருமையோடு காட்டிக்கொண்டிருந்தது, கணக்கில் சேரவில்லை. அந்த எண்களால் அவன் எவரிடமும் எதையும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. எங்கள் வீட்டில் அது மூன்று மணி நேரமாக இருந்தது. திரைதான் தாமதத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று மணி நேரமும் எவரும் அவனோடு பேசவில்லை என்பது மட்டும் உறுதி.

சில வேலைகளை நாங்கள் செய்திருக்கவே வேண்டியதில்லை. தெரபிஸ்டிடம் வருவதற்கு முன் ஓரிடத்தில் விசில் ஊதுதல், மெழுகுவர்த்தி அணைத்தல், நாக்கை மேலும் கீழும் சுழற்றுதல் என்று ஆறு வாரம் செய்யச் சொன்னார்கள், மூன்று மாதத்தில் பேசிவிடுவான் என்ற உறுதிமொழியோடு. பேச்சொலி இல்லாத இத்தகைய வாய்ப் பயிற்சிகள் பேச்சை வரவழைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பேசப் பழகுவது பேச்சின் வழியாகத்தான். காலக்கெடு குறித்து வாக்குக் கொடுப்பவரிடமும், பெற்றோரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே அழைத்துச் செல்பவரிடமும் இனி நான் போக மாட்டேன். வாரத்தில் 45 நிமிடம் தெரபிஸ்ட் அவனோடு இருக்கிறார். விழித்திருக்கும் மற்ற 80 மணி நேரத்துக்கும் மேல் எங்களோடு இருக்கிறான். அந்த 45 நிமிடத்தில் நான் எதையும் கற்றுக்கொள்ளாமல் வந்தால் அது பெரும்பாலும் வீண்தான். இரு மொழி பேசும் வீடாக இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை, பெற்றோர் தங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுவதே குழந்தைக்கு நல்லது.

உச்சரிப்பைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டேன், தேவையில்லாமல். ப, ம, ந போன்ற ஒலிகள் முதலில் வரும். ர, ள, ழ போன்றவை வெகு காலம் கழித்தே கூடும். ‘தன்னி’ என்றால் ‘அப்படிச் சொல்லக் கூடாது’ என்று திருத்தாமல், ‘ஆமாம், தண்ணி, குளிர்ந்த தண்ணி’ என்று சரியான வடிவத்தை நம் பதிலுக்குள் வைத்துக் கொடுத்தால் போதும். கூடவே ஒரு சொல்லும் நீள்கிறது. மூன்று வயதில் வீட்டாருக்கு அவன் பேச்சின் பெரும்பகுதி புரிய வேண்டும், நான்கு வயதில் புதியவர்களுக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும் என்பது பொதுவான அளவு. என் மகன் இரண்டாவதை நான்கரையில் எட்டினான்.

அவனுக்கு இப்போது ஐந்து வயது. ‘ர’ இன்னும் ‘ல’வாகத்தான் வருகிறது. வகுப்புகள் மாதம் ஒன்றாகக் குறைந்துவிட்டன. இப்போதைய இலக்கு, நடந்ததை வரிசையாகச் சொல்ல வைப்பது. பள்ளியில் நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினால் நடுவிலிருந்துதான் தொடங்குகிறான், யார் யாரை அடித்தார் என்பது முடிவில்தான் தெரிய வருகிறது. நேற்றும் அப்படித்தான், பாதியில் நிறுத்தி மேலே பார்த்தான். ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று என் பழைய வாய் தொடங்கிவிட்டது. ‘இரும்மா, சொல்லிட்டுதானே இலுக்கேன்’ என்றான். நான் எண்ணத் தொடங்கினேன். பதினான்கு வரை போக வேண்டியிருந்தது.